வறுவலின் பதமும் காபியின் சுவையும்

காபித்தூள் வாங்கும்போது கொட்டையின் இனத்தையும் தோட்டத்தின் பெயரையும் நாம் கேட்டறிகிறோம். அவற்றுக்கேற்ப விலையும் கொடுக்கிறோம். வறுவலின் பதத்தை மட்டும் பெரும்பாலும் கடைக்காரரின் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறோம். ஆனால் கோப்பையில் நாம் உணரும் சுவை மண்ணிலிருந்து வந்ததா, நெருப்பிலிருந்து வந்ததா என்பதை முடிவு செய்வது வறுவலே. இதை அறியாதவர், தோட்டத்தின் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்தும் அத்தோட்டத்தின் சுவையைப் பெறாமலே போகக்கூடும்.

பச்சைக் கொட்டைக்கு நாமறிந்த காபி மணம் கிடையாது. அதில் 10 முதல் 12 விழுக்காடு வரை ஈரம் இருக்கும். வறுகலனில் சூடேற ஏற ஈரம் வெளியேறி, பச்சை நிறம் மஞ்சளாகவும் பின்னர் பழுப்பாகவும் மாறுகிறது. அப்போது கொட்டையிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயார் 1912-இல் விளக்கிய வினை இது. ரொட்டியின் மேற்புறம் சிவந்து மணப்பதற்கும் இதுவே காரணம்.

வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, உள்ளே திரண்ட நீராவியின் அழுத்தத்தால் கொட்டை சோளப்பொரி போல ஒலியுடன் வெடிக்கிறது. இம்முதல் வெடிப்புக்குப் பின் விரைவில் வறுவலை நிறுத்தினால் கிடைப்பது இளவறுவல். பழத்தை ஒத்த புளிப்பும் மென்மையான மணமும் இதில் எஞ்சியிருக்கும். செடி வளர்ந்த உயரம், பழத்தைப் பதப்படுத்திய முறை ஆகியவற்றின் தடயங்களை இங்கேதான் தெளிவாக உணரலாம். மேலும் சற்று நேரம் வறுத்தால் புளிப்பு தணிந்து, காய்ச்சிய வெல்லத்தை நினைவூட்டும் இனிமை தோன்றும்; இது நடுவறுவல். ஏறத்தாழ 225 டிகிரியில் இரண்டாவது வெடிப்பு நிகழ்கிறது. அதன்பின் எண்ணெய் மேற்பரப்புக்கு வந்து கொட்டை பளபளக்கும். கசப்பும் புகைமணமும் மேலோங்கும் இந்தக் கருவறுவலில், வெவ்வேறு தோட்டத்துக் கொட்டைகளும் ஏறக்குறைய ஒரே சுவையை அடைந்துவிடுகின்றன.

இதனால் கருவறுவல் தாழ்ந்தது என்று கருதிவிடலாகாது. நாம் அருந்தும் முறையே பதத்தைத் தீர்மானிக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் சேரும்போது இளவறுவலின் நுண்மணங்கள் அமுங்கிவிடும். பாலை ஊடுருவி நிற்க ஓரளவு கசப்பும் கனமும் தேவை. ஆகவேதான் தென்னிந்திய பில்டர் காபிக்கு நடுவறுவலோ அதற்குச் சற்று மேற்பட்ட பதமோ பொருந்துகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பாபாபுடன்கிரி அரபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அரபிகா போன்றவற்றைப் பாலின்றி அருந்துவோர் இளவறுவலையோ நடுவறுவலையோ தேர்வது நன்று. அதே ஆண்டில் அக்குறியீடு பெற்ற வயநாடு ரொபஸ்டா, சற்றே கூடிய வறுவலில் பாலுடன் நன்கு இணையும். மேற்குக் கடற்கரையின் பருவமழைக் காற்றில் பல வாரங்கள் வைத்துப் பதப்படுத்தப்படும் மான்சூன்ட் மலபார் காபியில் இயல்பாகவே புளிப்பு குறைவு.

இனி விலைக்கணக்கு. வறுவல் கூடக் கூட எடை குறைகிறது. இளவறுவலில் ஏறத்தாழ 13 விழுக்காடும், கருவறுவலில் ஏறத்தாழ 20 விழுக்காடும் எடை இழப்பு ஏற்படலாம். எடுத்துக்காட்டாக, பச்சைக் கொட்டை கிலோ 600 ரூபாய் எனக் கொள்வோம். வறுத்தபின் முன்னது 870 கிராமாகவும் பின்னது 800 கிராமாகவும் நிற்கும். கொட்டைக்கான அடக்கவிலை மட்டுமே முறையே கிலோவுக்கு 690 ரூபாயும் 750 ரூபாயும் ஆகிறது. எனவே புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தாங்கிய கருவறுவல் தூள் மிக மலிவாகக் கிடைக்குமானால், கொட்டையின் தரத்தையும் சிக்கரியின் அளவையும் விசாரிப்பது முறையாகும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. கலவை விகிதத்தை உறையில் குறிப்பிடவும் வேண்டும்.

கருவறுவலில் காஃபீன் மிகுதி என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கசப்பு கூடுவதால் எழுந்த எண்ணம் இது. வறுவலால் காஃபீன் பெரிதும் மாறுவதில்லை. கொட்டையின் இனமே அதைத் தீர்மானிக்கிறது. ரொபஸ்டாவில் அரபிகாவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு காஃபீன் உண்டு. உறக்கம் கெடுவதாகக் கருதுவோர் வறுவலை மாற்றுவதைவிட இனத்தை மாற்றுவதே பயன் தரும்.

வாங்கும்போது உறையில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: கொட்டையின் இனம், வறுவலின் பதம், வறுத்த நாள். கருவறுவல் கொட்டையில் நுண்துளைகள் மிகுதி; எண்ணெயும் வெளியே நிற்பதால் அது விரைவில் மணமிழக்கும். ஆதலால் அதைச் சிறிய அளவில் வாங்கி, காற்றுப்புகாத கலத்தில் வைப்பது நலம். உங்களுக்கு ஏற்ற பதத்தை அறிய, ஒரே கொட்டையில் இருவேறு வறுவல்களை நூறு நூறு கிராம் வாங்கி, முதலில் பாலின்றியும் பின்னர் பாலுடனும் அருந்திப் பாருங்கள். கூடுதல் விலை எந்தக் கொட்டைக்குத் தகும் என்பது அப்போது தெளிவாகிவிடும்.