காவல் நாயைத் தேனீ கொட்டினால்...

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்பானாலும் ஆட்டுக்கிடையானாலும் காவலுக்கு ஒரு நாய் இருக்கும். கிடையில் இரவெல்லாம் விழித்திருப்பதும், நரியோ அந்நியரோ வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். அந்த நாயைத் தேனீ கொட்டிவிட்டால், "நாய்தானே, தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது பலருடைய வழக்கம். பெரும்பாலும் அப்படிச் சரியாகியும் விடுகிறது. ஆனால் சில வேளைகளில் ஒரே கொட்டில் நாய் சுருண்டு விழுந்து, ஒரு மணி நேரத்துக்குள் இறந்துவிடுவதும் உண்டு. சாதாரணக் கொட்டு எது, ஆபத்தானது எது என்பதை விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம்.

கொட்டியது எது?

முந்திரி பூக்கும் தை, மாசி மாதங்களில் ஆலங்குடி, ஆதனக்கோட்டை, கறம்பக்குடி பகுதிகளில் தேனீக்களின் நடமாட்டம் மிகுதி. பெட்டிகளில் வளர்க்கப்படும் அடுக்குத் தேனீ, சீண்டினால் ஒழியப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயோ கலைந்துவிட்டால் கூட்டமாக வெகுதூரம் துரத்தும். கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. பனை மரங்களில் கூடு கட்டும் கதண்டு தேனீ அல்ல; அது குளவி இனம்.

தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நஞ்சுப் பையோடு தோலிலேயே தங்கிவிடும். கதண்டு கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஆகையால் ஒன்றே பல முறை கொட்டும்.

உடனே செய்ய வேண்டியவை

முதலில் நாயை அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். கொட்டிய இடத்தில் ஒருவித வாசனை பரவி மற்றத் தேனீக்களையும் அங்கே இழுக்கும்.

அடுத்து, கொடுக்கைத் தேடி எடுக்க வேண்டும். நாய் தேனீயை வாயால் கவ்வப் பார்ப்பதால் மூக்கு, உதடு, வாயின் உட்புறம் ஆகிய இடங்களில்தான் கொட்டு அதிகம் விழும். முன்னங்கால்களையும் விரல் இடுக்குகளையும் பார்த்தல் நலம். தோலில் தங்கிய கொடுக்கு தேனீ போன பிறகும் நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி முதல் அரை நிமிடத்திலேயே இறங்கிவிடும். ஆகையால் நகத்தால் சுரண்டுவதா, இடுக்கியால் எடுப்பதா என்று யோசித்து நேரத்தைப் போக்கக் கூடாது. கைக்கு எது வசதியோ அப்படி உடனே எடுத்துவிட வேண்டும்.

பிறகு கிணற்று நீரில் நனைத்த துணியையோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ பத்து, பதினைந்து நிமிடம் ஒற்றி வைத்தால் வலியும் வீக்கமும் தணியும். வலியினால் வளர்த்தவரையே நாய் கடித்துவிடலாம். எனவே பழகியவர் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்வது நல்லது. மூச்சுத் திணறும் நாயின் வாயையும், வாந்தி எடுக்கும் நாயின் வாயையும் கட்டவே கூடாது.

செய்யக் கூடாதவை

கொட்டுவாயில் சுண்ணாம்பு தடவுவது ஊர் வழக்கம். நஞ்சு தோலுக்கு அடியில் இறங்கிவிடுவதால், மேலே தடவும் சுண்ணாம்பு அதை முறிப்பதில்லை. நாய் அதை நக்கினால் நாக்கும் வாயும் வெந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. மண்ணெண்ணெயும் அப்படியே; நக்கினால் வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுப்பது அதைவிடத் தவறு. மனிதருக்கு வலி தீர்க்கும் பாராசிட்டமால், இபுபுரூபன் போன்றவை நாய்க்கு நஞ்சாகலாம். ஒவ்வாமைக்கான மாத்திரையைக்கூட, நாயின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகள்

கொட்டிய இடத்தில் மட்டும் சிறிது வீங்கி, நாய் வழக்கம்போல் நடமாடினால் அச்சமில்லை. ஓரிரு நாளில் வாடிவிடும். கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கலாகாது:

- வாயினுள் அல்லது தொண்டையில் கொட்டியிருத்தல், மூச்சு இழுத்தல்
- முகம் முழுவதும் வீங்குதல், உடலெங்கும் தடிப்பு எழும்புதல்
- திடீரென வாந்தி அல்லது கழிச்சல், அதில் இரத்தம் கலந்திருத்தல்
- ஈறு வெளுத்துப் போதல், தள்ளாடுதல், மயங்கி விழுதல்

இவை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தோன்றும். வாந்தியும் கழிச்சலும் கண்டு, "எதையோ தின்றுவிட்டது" என்று இருந்துவிடுவோர் உண்டு. கொட்டுப்பட்ட நாய்க்கு அது ஒவ்வாமையின் அடையாளம். அட்ரினலின் ஊசி, சொட்டு மருந்து முதலியவற்றால் கால்நடை மருத்துவர்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு நாயை உடனே கொண்டு செல்ல வேண்டும். கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பகுதியினர் பக்கத்திலுள்ள ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியையும் நாடலாம். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் ஊர்தி வரும் என்று காத்திருந்து அந்த அரை மணியை இழந்துவிடக் கூடாது. கிடைத்த வண்டியில் கிளம்புவதே மேல்.

கூட்டமாகக் கொட்டினால்

உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 கொட்டுகள் விழுந்தால், ஒவ்வாமை இல்லாத நாய்க்கும் உயிருக்கு ஆபத்து என்பது பொதுவான கணக்கு. 15 கிலோ நாய்க்கு இது 300 கொட்டு. குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் இதைவிடக் குறைவே போதும். மலைத்தேனீக் கூட்டம் கலைந்தால் இவ்வளவும் விழ அதிக நேரம் ஆகாது.

மீட்கப் போகிறவர் முகத்தையும் உடலையும் கனத்த துணியால் மூடிக்கொண்டே போக வேண்டும். நாயை ஒரு அறைக்குள் கொண்டுபோய்க் கதவை அடைத்து, ரோமத்தில் சிக்கிய தேனீக்களைச் சீப்பால் வாரி எடுக்கலாம். அன்று நாய் தெளிவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். நஞ்சு இரத்த அணுக்களையும் தசையையும் சிதைப்பதால், அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் பழுதுபடலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது அபாய அறிவிப்பு.

வருமுன் காத்தல்

அவிழ்ந்திருக்கும் நாய் கொட்டு விழுந்ததும் ஓடித் தப்பிவிடும். சங்கிலியில் கட்டிய நாய் நின்ற இடத்திலேயே எல்லாக் கொட்டையும் வாங்கும். ஆகவே தேன் அடை உள்ள மரத்தடியிலோ, தேனீப் பெட்டிக்கு அருகிலோ நாயைக் கட்டக் கூடாது. ஆடு, மாடு, கன்றுகளுக்கும் இதுவே விதி. காய் பறிக்கவோ கிளை கழிக்கவோ மரம் ஏறுமுன் அடை உள்ளதா என்று பார்த்து, கீழே கட்டிய பிராணிகளை அவிழ்த்து விலக்க வேண்டும்.

அதற்காக அடையைத் தீயிட்டுக் கொளுத்துவது கூடாது. முந்திரியும் தென்னையும் பூசணியும் காய்ப்பதற்குத் தேனீயின் உதவி தேவை. ஆபத்தான இடத்தில் அடை இருந்தால், தேன் எடுத்துப் பழகியவரைக் கொண்டு மாலையில் அகற்றலாம். கதண்டுக் கூடானால் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிப்பதே பாதுகாப்பு.