கவசத்துள் மறைந்த நிரல்

2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவருக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளுள் ஒன்றை வீட்டார் அனைவரும் பொதுவில் கையாண்டு வருவதாகவும், அதன் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தியதும் விரியும் பட்டியலில் தாம் குடும்பக் கடன் கணக்கு எழுதும் நிரலே எல்லோர் கண்ணிலும் முதலில் படுவதாகவும், அதனை அழித்துவிடாமல் அப்பட்டியலிலிருந்து மட்டும் மறைக்க உபாயம் உண்டா என்றும் திருவொற்றியூர் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. விண்டோஸ் 7-இல் அந்நிரலின் பெயர்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி நீக்கினால் அப்போதைக்கு மறையும். நிரலைத் தொடர்ந்து பயன்படுத்தினால் மீண்டும் தலைகாட்டும். நிரந்தரமாக மறைக்க வேண்டுமாயின், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் 'அப்ளிகேஷன்ஸ்' பிரிவில், அந்நிரலின் பெயருக்கு அடியில், 'நோஸ்டார்ட்பேஜ்' என்னும் வெற்றுக் குறிப்பொன்றைச் சேர்க்க வேண்டும். நிரல் அங்கேயே இருக்கும். தோற்றம் மட்டும் இராது. ஆண்டு முழுதும் கவசத்துள் இருந்து, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசமின்றிக் காட்சி தரும் திருவொற்றியூர்க் கோயில் ஆதிபுரீசுவரரைச் சிறு வயது முதல் தரிசித்து வரும் எனக்கு, மறைவு வேறு, இன்மை வேறு என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் என் மனத்தை வெகுவாகக் கவர்ந்தது இப்பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் பேரேடு. 'யூசர்அசிஸ்ட்' என்னும் அவ்விடத்தில், எந்நிரல் எத்தனை முறை திறக்கப்பட்டது, கடைசியாக எப்பொழுது என்பனவெல்லாம் பதிவாகின்றன. விசேஷம் யாதெனில், அங்கே பெயர்கள் நேராக எழுதப்படுவதில்லை. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களில் ஒவ்வொன்றும் 13 இடம் தள்ளி எழுதப்படுவதால், சி-ஏ-எல்-சி என்னும் கணிப்பான் அங்கே பி-என்-ஒய்-பி ஆகிறது. மறுபடியும் 13 இடம் தள்ளினால் பழைய பெயரே மீள்கிறது. பொன்னைப் 'பறி' என்று சொல்லும் பொற்கொல்லர் குழூஉக்குறியை இராயபுரத்துப் பள்ளியில் இலக்கணப் பாடமாகப் படித்தபோது அடைந்த அதே ஆனந்தத்தை இதிலும் அடைந்தேன்.

இப்பூட்டு மிக மெலிது. குற்றப் புலனாய்வில் கணினியை ஆராய்பவர்கள் இதனை எளிதில் திறந்து வாசிக்கிறார்கள். உடைமையாளருக்குத் தெரியாமலே அவருடைய வழக்கங்களைக் குறித்து வைக்கும் பொறியை, அதன் போக்கை அறியாமலே நாம் வீட்டில் வைத்திருப்பது எனக்கு உவப்பானதன்று. ஒருவர் பட்டியலை மற்றொருவர் துருவிப் பார்ப்பதோ, பிறர் கடிதத்தைப் பிரிப்பதற்கு ஒப்பான பிழை. அப்பேரேடு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே எழுதப்படுவதால், ஒற்றியூர் அன்பர் ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன், வீட்டார் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் தனிக்கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுக்கட்டும்.