உஷார்! கேம்ப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்...

அரையாண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் பிள்ளைகளின் பையில் ஒரு தாள் வரும். 'விண்டர் கேம்ப்! ஜிப்லைன், பாறையேற்றம், கேம்ப் ஃபயர், ஆளுமை வளர்ச்சி' என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'அசம்பாவிதம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.' வாசலில் வேன் ஹாரன் அடிக்க, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

அந்தத் தாளை இன்று மட்டும் வீட்டிலேயே வையுங்கள். கேம்ப்பை நடத்துவது யார் என்று பள்ளியைக் கேளுங்கள். பல இடங்களில் பள்ளி ஓர் ஏற்பாட்டாளரிடம் கொடுக்கும், அவர் மலையிலுள்ள ரிசார்ட்காரரிடம் விடுவார். கடைசியில் உங்கள் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டுபவர் யார், எங்கே படித்தவர் என்பது தலைமை ஆசிரியருக்கே தெரியாது.

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி நடந்தது. மாடியிலிருந்து கீழே பிடித்திருக்கும் வலையில் குதிக்க வேண்டும். 19 வயது மாணவி பயந்து தயங்கினார். பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழ்மாடி சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆளுக்குத் தாங்கள் அனுமதியே கொடுக்கவில்லை என்றது ஆணையம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. பெயரில் முகாம். இரவு அங்கேயே தங்கிய 13 வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு இடத்திலும் மலையும் இல்லை, காடும் இல்லை. ஆளை விசாரிக்காமல் உள்ளே விட்டதுதான் நடந்தது. பாறையேற்றம் சொல்லித்தருகிறவர் உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் படித்தவரா? சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெண் பிள்ளைகள் தங்கும் அறைக்கு எந்த ஆசிரியை பொறுப்பு? பெயரோடு கேளுங்கள். 'பயத்தை வெல்' என்று யார் உசுப்பினாலும், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். பயந்த பிள்ளையைப் பிடித்துத் தள்ளுவதில் என்ன ஆளுமை வளரப்போகிறது!

அடுத்தது, குளிர். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். குளிருக்கு இதமாக யாராவது கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். இதைவிட ஆபத்து வேறில்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை. 'அறைக்குள் கரி, விறகு எதுவும் கூடாது' என்று பள்ளியிடம் எழுதியே கொடுங்கள். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பெட்டிக்குள் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் பற்றித் தாளில் ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் போகிற வழியில் ஏரியைப் பார்த்தால் வண்டி நிற்கும். 2024 ஜனவரியில் வதோதரா ஹர்ணி ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலா போன 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. இரவுப் பயணமும் வேண்டாம்: 2022 அக்டோபரில் எர்ணாகுளம் பக்கத்திலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து நள்ளிரவு நெருங்கும் வேளையில், வடக்கஞ்சேரியில், முன்னால் போன அரசுப் பேருந்தில் மோதி 9 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் மாணவர்கள்.

அந்தப் பொடி எழுத்து வரிக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 1995-இல் பள்ளிப் பிக்னிக் போன 14 குழந்தைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கில், பள்ளி பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்பதையும் உறுதி செய்தது.

கேட்டதற்கெல்லாம் கேம்ப் கிளம்பும் முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்' என்பது பதில் அல்ல. அதற்கு மேல் பேச்சு வராவிட்டால், கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும், பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்.