டர்போ எஞ்சினும் எண்ணெய் பிடிகலமும்

தமிழும் வரலாறும் கற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெண்கட்டியும் கரும்பலகையுமாகக் காலங்கழித்த ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே அது வியப்புத்தான். ஆனால் என்னுடைய சிறிய காரும், என் பழைய மாணவர் ஒருவரின் மீன் லொறியும் சேர்ந்து எனக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டன. கட்டணம் செலுத்திக் கற்ற பாடம் அது. நீங்கள் கட்டணமின்றியே கேட்கலாம்.

புத்தளம் கடற்கரையிலே, கற்பிட்டி முதல் உடப்பு வரையிலும் மீன் பிடிப்போரும் தோட்டஞ் செய்வோரும் வண்டியை நம்பியே வாழ்கிறார்கள். மாலையில் ஏற்றிய மீன் விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் இறங்க வேண்டும். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கு வந்து, சிலாபம் வழியாக 150 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். இன்று இவ்வழியில் ஓடும் டீசல் லொறிகளும் வான்களும் பெரும்பாலும் டர்போ பூட்டியவை. பெற்றோல் கார்களிலும் டர்போ பரவிவிட்டது. நமது நாட்டிலே காருக்குரிய வரி எஞ்சினின் கொள்ளளவைப் பெரிதும் ஒட்டியே விதிக்கப்பட்டு வந்தமையால், 1000 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறிய எஞ்சினுக்கு டர்போவால் வலுவூட்டிய கார்கள் பலருக்கும் உகந்தனவாயின. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த வண்டியை எப்படியாவது உயிரோடு வைத்திருப்பதே எல்லோருடைய கவலையுமாயிற்று. அந்தக் கவலையின் நடுவேதான் ‘கேட்ச் கேன்’ என்னும் சொல் எங்கள் ஊர் கராஜ்களில் அடிபடத் தொடங்கியது. எண்ணெய் பிடிகலம் என்று அதனைத் தமிழில் அழைப்போம்.

அது எதனைப் பிடிக்கிறது? அடுப்பிலே சோறு கொதிக்கும்போது மூடியை எடுத்துப் பார்த்திருப்பீர்கள். மூடியின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள் திரண்டிருக்கும். மேலெழுந்த ஆவி குளிர்ந்த தகட்டிற் பட்டதும் மீண்டும் நீராகிறது. பிடிகலத்தின் தத்துவம் முழுவதும் இதுவே. ஆனால் எஞ்சினுக்குள் எழுவது வெறும் நீராவியன்று.

எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் வெடிக்கும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் உள்ளன. அவை எவ்வளவு இறுக்கமாயினும் ஒரு சிறு பங்கு வாயு அவற்றைக் கடந்து கீழே, எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். புத்தம்புதிய எஞ்சினிலும் இது நிகழும். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சில்லைச் சுழற்றி, அதனால் உள்ளே செல்லும் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். காற்று திணிக்கப்படும்போது உருளைக்குள் அழுத்தம் மிகுகிறது. ஆதலின் கீழே கசியும் வாயுவும் மிகுகிறது. அவ்வாயு, எரியாத எரிபொருளையும் நீராவியையும் தன்னோடு கொண்டு சென்று, கீழே வேகமாகச் சுழலும் தண்டினால் சிதறிய எண்ணெய்த் துளிகளோடு கலந்து ஒரு மூடுபனியாகிறது. அதற்கு வெளியேற வழி வேண்டும். இல்லையேல் எஞ்சினுக்குள் அழுத்தம் பெருகி, எண்ணெய் கசியாதபடி காக்கும் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளிவரும்.

முற்காலத்து மோட்டார்களில் ஒரு குழாயின் வழியாக இந்தப் புகையைத் தெருவிலேயே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் புகைமூட்டத்தால் கண்ணெரிந்து வாடியபோது, ஹாகன் சிமித் என்னும் ஒல்லாந்து நாட்டில் பிறந்த வேதியியல் அறிஞர் அதற்கு மோட்டார் வண்டிகளும் முக்கிய காரணம் என்று காட்டினார். அதன் பின், 1961 ஆம் ஆண்டில் கலிபோர்னிய மாநிலம் இப்புகையை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தி எரித்துவிட வேண்டும் என்று விதித்தது. இன்று பெரும்பாலான வண்டிகளில் அம்முறையே உள்ளது. காற்றுக்கு நன்மை. எஞ்சினுக்கோ, தான் உமிழ்ந்த புகையைத் தானே சுவாசிக்கும் நிலை. (நமது மீனவர்கள் படகில் பூட்டும் பழைய இரண்டடி எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் எண்ணெய் கலந்த எரிபொருளே கீழறையின் வழியாகச் சென்று எரிந்துவிடுகிறது.)

டர்போ பெற்றோல் எஞ்சினில் இந்தப் புகைக்கு வழக்கமாக இரண்டு வழிகள் உள்ளன. வண்டி மெதுவாகச் செல்லும்போது, காற்று உட்செல்லும் மனிபோல்டில் வெற்றிடம் இருக்கும். அது ஒரு வால்வின் வழியாகப் புகையை இழுத்துக்கொள்ளும். கால் அழுத்தி டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் அங்கே வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடும். வால்வு மூடிக்கொள்ளும். அப்போது புகை மற்றொரு குழாய் வழியாக, டர்போவுக்கு முன்னுள்ள காற்றுக்குழாயை அடையும். அங்கிருந்து டர்போவின் சில்லிலும், காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரின் உட்புறத்திலும் எண்ணெய் படியும். டீசல் வண்டிகளிற் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழி ஒன்றே உண்டு.

என் காரின் நோய் வால்வுகளில் இருந்தது. காலையில் எஞ்சினை இயக்கினால் உடம்பு நடுங்கும் நோயாளியைப்போல் அது நடுங்கியது. மனிபோல்டைக் கழற்றிய மெக்கானிக் என்னை அழைத்துக் காட்டினார். உள்வால்வுகளின் மேல் அடுப்புக்கரி போன்ற பொருக்கு. பழைய முறை எஞ்சின்களில் பெற்றோல் அவ்வால்வுகளின் மேலேயே தெளிக்கப்பட்டது. அதனால் அவை ஓயாமற் கழுவப்பட்டன. இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் பெற்றோல் நேரே உருளைக்குள் பீய்ச்சப்படுகிறது. கழுவுவார் இல்லாத வால்வில் எண்ணெய்ப் புகை படிந்து, வெப்பத்தில் காய்ந்து இறுகிவிடுகிறது. டீசலிலோ, வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடும் அமைப்பும் இருப்பதால், கரித்தூளும் எண்ணெயும் குழைந்து தார் போல் அப்பிக்கொள்ளும்.

சுத்தஞ் செய்த பின்னர் நான் பிடிகலம் பூட்டினேன். அரை லீற்றர் கொள்ளும் ஓர் அலுமினியக் கலம் அது. புகை ஒரு வாயில் வழியாக உள்ளே புகுந்து, தடுப்புத் தகடுகளில் மோதித் திரும்பி, எண்ணெயைக் கீழே விட்டுவிட்டு, மறுவாயில் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். உள்ளே தடுப்பு இல்லாத வெறுங்கலத்தை வாங்குவது காசுக்குக் கேடு. மேலே சிறிய வடிகட்டி வைத்துப் புகையை வெளியே விடும் கலங்களும் விற்கப்படுகின்றன. அவற்றை நான் விரும்புவதில்லை. வண்டிக்குள் நாற்றம் வருவது ஒருபுறம். உட்செல்லும் காற்றை அளந்து எரிபொருள் விடும் எஞ்சின்களில், அளக்கப்படாத காற்று இடையிலே புகுந்து கணக்கு முழுவதும் பிழைத்துப்போகும்.

இனி என் மாணவரின் கதை. என் கலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரும் தம் டீசல் லொறிக்கு ஒன்று பூட்டுவித்தார். மூன்று மாதம் சென்றது. ஒரு நாள் பின்னிரவு ஒரு மணிக்கு, மாதம்பையை அண்மித்தபோது, எஞ்சின் மூடியின் கீழிருந்து புகை கிளம்பியது. எண்ணெய் அளக்கும் கம்பி தானாகவே மேலே தள்ளப்பட்டிருந்தது. அதன் வாயிலிருந்து பொங்கிய எண்ணெய் சூடான டர்போவின் மேல் சிந்திக் கருகிக்கொண்டிருந்தது. மாற்று வண்டி வந்து சேருவதற்குள் விடிந்துவிட்டது. ஐஸ் உருகிப்போயிற்று. மீன் பாதி விலைக்கும் போகவில்லை. “சேர், எஞ்சினைக் காக்க என்று பூட்டின சாமானே எஞ்சினுக்கு எமனாய்ப் போச்சு” என்றார் அவர்.

நான் சென்று பார்த்தேன். பூட்டியவர் எஞ்சினிலிருந்து வரும் அகன்ற குழாயை விட்டுவிட்டு, அதிற் பாதி அகலமுள்ள சாதாரண நீர்க்குழாயைப் பயன்படுத்தியிருந்தார். எண்ணெயும் சூடும் பட்டு அது இளகி, நடுவிலே தொய்ந்து, ஒரு வளைவில் மடிந்துபோயிருந்தது. கலத்தையோ மூன்று மாதத்தில் ஒருநாளும் எவரும் திறக்கவில்லை. அது கழுத்துவரை நிறைந்திருந்தது. புகை போக வழியில்லாமல் எஞ்சினுக்குள் அடைபட்டதன் விளைவுதான் அந்த இரவு. ஒருவகையில் அவர் தப்பினார் என்றே சொல்வேன். நிறைந்த கலத்திலிருந்து எண்ணெய் ஒரே வீச்சாக உள்ளே உறிஞ்சப்பட்டிருந்தால், டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கியிருக்கும். அந்நிலையில் சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. காற்று வரும் வழியை அடைத்தால்தான் நிற்கும். அடைப்பதற்குக் கையைக் கொடுத்தவர் கையை இழக்கவும் கூடும்.

ஆகவே பூட்டுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டும். குழாயின் உள்ளகலம் மூலக் குழாயின் அளவே இருக்க வேண்டும். அது 19 மில்லிமீற்றரானால் இதுவும் 19 மில்லிமீற்றரே. எண்ணெய் தாங்கும், உள்ளே நூற்பின்னல் கொண்ட ரப்பர்க் குழாயே தகும். மூலக் குழாயை வெட்டாமல் கழற்றிப் பத்திரமாக வைத்தால், வேண்டாதபோது பழைய நிலைக்கே திரும்பலாம். கலத்தை டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் தொலைவாக, காற்றுப்படும் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மூடிக்குக் குளிர்ச்சி இல்லையேல் துளி திரளாது அல்லவா? வண்டியின் உடலோடு அதனை இறுகப் பூட்டி, எஞ்சின் அசைவதற்கு இடந்தரும் வகையில் குழாய்க்குச் சிறிது நீளம் விட வேண்டும். ஆனால் தொய்வு இருக்கக்கூடாது. எங்கள் கடற்காற்றில் சாதாரணக் கிளிப்புகள் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறிவிடுகின்றன. துருப்பிடியாத எஃகுக் கிளிப்புகளுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது நட்டமாகாது.

பூட்டியது சரியா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பூட்டுமுன் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அவ்வாயின் மேல் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். அது இழுபடுகிறதா, மெல்ல எழுகிறதா என்பதை நினைவில் வையுங்கள். பூட்டிய பின்னும் அவ்வாறே இருக்க வேண்டும். முன்னிலும் வலுவாகக் காகிதம் மேலே தள்ளப்பட்டால் எங்கோ அடைப்பு இருக்கிறது. அந்த வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். 2025 ஆம் ஆண்டிற்குப் பின் புதிதாக வந்த, உத்தரவாதக் காலம் முடியாத வண்டி வைத்திருப்போர் முதலில் விற்பனை முகவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் 500 கிலோமீற்றரில் ஒருமுறை திறந்து பாருங்கள். பின்னர் 1000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்க்கலாம். என் காரில் முதல் 1000 கிலோமீற்றரில் இரண்டு மேசைக்கரண்டி அளவு கருமண்ணிற எண்ணெய் வடிந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடிய மாதங்களில் வடிந்தது பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தது. எஞ்சின் நன்கு சூடேறாததால் நீர் திரண்டு கலந்ததன் அடையாளம் அது. கனடா போன்ற குளிர்நாடுகளில் இந்நீர் உறைந்து குழாயை அடைத்துவிடுவதுண்டு. நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கலம் விரைவில் நிறைகிறது என்றால், பெரிய கலம் தேடுவது மடமை. வளையங்களோ டர்போவின் சீலோ தேய்ந்துவிட்டன என்று கலம் சொல்கிறது. தேய்ந்த எஞ்சினை அது குணப்படுத்தாது. நல்ல எஞ்சினிலும் முழுப் புகையையும் அது பிடித்துவிடாது. நுண்ணிய துளிகள் தப்பிச் செல்லும். வால்வின் பொருக்கு மெதுவாகப் படியும், அவ்வளவே.

என் மாணவரின் லொறியில் இப்போது சரியான குழாய் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வண்டி ஓய்ந்திருக்கும்போது கலத்தின் குழாய்த்திருகைத் திறந்து வடிப்பது அவருடைய மகனின் பொறுப்பு. வடிந்ததைத் திரும்ப எஞ்சினில் ஊற்றலாகாது. அதில் நீரும் எரிபொருளும் அமிலமும் உண்டு. முதல் நாள் அப்பையன் அதை வேலியோரத்து மணலில் ஊற்றப் போனபோது நான் தடுத்தேன். கற்பிட்டி மண் வெறும் மணல். ஊற்றியது சில அடி ஆழத்திலுள்ள கிணற்று நீரைத் தேடிச் செல்லும். அந்த நீரைத்தான் நாம் குடிக்கிறோம், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பாய்ச்சுகிறோம். இப்போது ஒரு பழைய பிளாஸ்ரிக் கானில் சேர்த்து வைத்து, எண்ணெய் மாற்றும்போது வரும் கழிவு எண்ணெயோடு கராஜில் கொடுத்துவிடுகிறார்கள்.