தொடக்க வகுப்புகளில் மின்னணுக் கருவிகள்

ஒரு நாடு கல்விக்காகச் செய்யும் முதலீடு உரிய பயனைத் தருமா என்பது பெரும்பாலும் முதல் மூன்று வகுப்புகளிலேயே முடிவாகிவிடுகிறது. எட்டு வயதுக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கவும், படித்ததைப் புரிந்துகொள்ளவும் பழகாத குழந்தை, அதன் பின்னர் எந்தப் பாடத்தையும் புத்தகத்தின் வழியே கற்க இயலாமல் பின்தங்குகிறது. ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை 2005ஆம் ஆண்டு முதல் அளந்து வரும் ‘அசர்’ ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பில் பயில்வோருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் 2018இல் 27.3 சதவீதமாக இருந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதைத் தொடர்ந்து 2022இல் இது 20.5 சதவீதமாகக் குறைந்தது, 2024இல் 27.1 சதவீதத்தை எட்டியது. 2018இன் நிலையை ஏறத்தாழ மீண்டும் எட்டுவதற்குள் ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதையும், மீட்ட பின்னும் நால்வரில் மூவர் தம் வகுப்புக்குரிய தகுதியைப் பெறவில்லை என்பதையும் இப்புள்ளிவிவரங்கள் உணர்த்துகின்றன.

இந்நிலையை மாற்றும் பொருட்டே, 2026-27க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்ற குறிக்கோளுடன் ‘நிபுண் பாரத்’ இயக்கம் 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. இக்குறிக்கோளை எய்துவதற்குக் கணினி, இணையம், கைபேசி ஆகியவை எந்த அளவுக்குத் துணைபுரியும் என்ற வினா இயல்பாகவே எழுகிறது. கருவிகள் வேண்டுமா, வேண்டாமா என்று விவாதிப்பதைவிட, அவை யார் கையில், எப்பணிக்காக இருக்க வேண்டும் என்று ஆராய்வதே பயனுடையதாகும்.

ஐம்பது ஆண்டு அனுபவம்

பள்ளிக் கல்விக்கு மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் முயற்சி இந்தியாவில் புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களை எட்டியது. காலையில் 5 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. பின்னர் 2004 செப்டம்பரில் கல்விக்கெனவே ‘எஜுசாட்’ செயற்கைக்கோள் செலுத்தப்பட்டது. 2017 செப்டம்பரில் ‘தீக்ஷா’ தளம் தொடங்கப்பட்டு, பாடநூல்களில் அச்சிடப்பட்ட கியூ.ஆர். குறியீட்டின் மூலம் ஒலி-ஒளிப் பாடங்களைப் பெறும் வசதி ஏற்பட்டது.

இடையில், 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த கரும்பலகைத் திட்டத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், இன்றியமையாத கற்பித்தல் துணைப்பொருள்கள் என்பதே அதன் சாரம். விண்ணில் செயற்கைக்கோள் சுழன்றுகொண்டிருந்த அதே காலத்தில், தரையில் இரண்டாவது அறைக்காகத் திட்டம் தீட்ட வேண்டியிருந்தது.

இம்முயற்சிகள் அனைத்துக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. பாடம் ஓரிடத்தில் உருவாக்கப்பட்டுப் பல இலட்சம் குழந்தைகளுக்கு அனுப்பப்பட்டது. குழந்தை அதைக் கண்டது, கேட்டது. நல்ல பாடத்தைத் தொலைதூரப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்த வகையில் இதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆறு அல்லது ஏழு வயதுக் குழந்தை கேட்டும் பார்த்தும் மட்டுமே படிக்கக் கற்றுக்கொள்வதில்லை. அது பேச வேண்டும். பேசியது எழுத்தாக மாறுவதைக் காண வேண்டும். எழுதியதைப் பிறர் படிக்கக் கேட்க வேண்டும். குழந்தையின் சொல் வெளியே செல்வதற்கான வழியை ஒளிபரப்பு தர இயலாது. இன்றைய கருவிகளின் புதுமை இங்குதான் இருக்கிறது. ஒரு சாதாரணக் கைபேசியே ஒலியைப் பதிவு செய்யும், படம் எடுக்கும், எழுதியதைப் பல வீடுகளுக்கு அனுப்பும்.

கேரளத்தின் முன்மாதிரி

இத்திசையில் கேரள மாநிலத்தின் அனுபவம் கருதத்தக்கது. அங்கு ‘ஐ.டி. @ ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கப்பட்டு, 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருப்பெற்றது. உரிமக் கட்டணம் இல்லாத கட்டற்ற மென்பொருள்களையே அது பயன்படுத்தி வருகிறது. இதனால் ஒவ்வொரு கணினிக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் சுமை நீங்குவதுடன், மென்பொருளை மலையாளத்திலேயே அமைத்துக்கொள்ளவும் முடிகிறது. தொடக்க வகுப்புகளுக்கென விளையாட்டுப் பெட்டி என்று பொருள்படும் ‘களிப்பெட்டி’ என்ற தகவல் தொழில்நுட்ப நூல் உருவாக்கப்பட்டது. வரைதல், வடிவங்களை இனம் காணல், எண் விளையாட்டு ஆகியவை வழியாகப் பாடங்களையே கணினியில் பயில்வது அதன் நோக்கம். 2019இல் முதல் ஏழு வகுப்புகள் நடைபெறும் பள்ளிகளுக்கு மடிக்கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி ஆகியவை வழங்கும் பணி மேற்கொள்ளப்பட்டது.

இவற்றிலும் குறிப்பிடத்தக்கது 2009இல் தொடங்கப்பட்ட ‘ஸ்கூல்விக்கி’ என்ற இணையத் தொகுப்பாகும். மாநிலத்தின் ஏறத்தாழ 15,000 பள்ளிகளுக்கும் அதில் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. பள்ளியின் வரலாறு, ஊரின் வரலாறு, மாணவர்களின் படைப்புகள் ஆகியவற்றைப் பள்ளிகளே எழுதிச் சேர்க்கின்றன. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, ‘அக்ஷரவிருட்சம்’ என்ற திட்டத்தின்கீழ், சுற்றுச்சூழல், தூய்மை, நோய்த்தடுப்பு ஆகிய பொருள்களில் மாணவர்கள் எழுதிய 50,000க்கும் மேற்பட்ட கதை, கவிதை, கட்டுரைகள் இத்தளத்தில் ஏற்றப்பட்டன. அரசுப் பாடங்களைப் பெறும் இடமாக மட்டும் இராமல், தன் எழுத்தை வெளியிடும் இடமாகவும் பள்ளி மாற இயலும் என்பதை இது காட்டியது.

அம்மாநிலத்தின் முதல் வகுப்புகளில் அண்மை ஆண்டுகளில் பரவியுள்ள ‘கூட்டு நாட்குறிப்பு’ முறைக்கு எந்த மின்னணுக் கருவியும் தேவையில்லை. குழந்தை அன்றாட நிகழ்ச்சி ஒன்றைத் தனக்குத் தெரிந்த எழுத்துகளால் பென்சிலில் எழுதிப் படமும் வரைகிறது. தெரியாத எழுத்துகளைத் தாயோ தந்தையோ பேனாவால் நிரப்புகின்றனர். நாள் செல்லச் செல்லப் பேனா எழுத்துக் குறைந்து பென்சில் எழுத்துக் கூடுவதே முன்னேற்றத்தின் அளவுகோல். கருவி எதுவாயினும் தொடக்க வகுப்பில் நிகழ வேண்டிய கல்வி இத்தகையதே.

வகுப்பறையில் செயல்படும் முறை

ஓர் இரண்டாம் வகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குழந்தைகள் ஊர்ச் சந்தைக்குச் சென்று வருகின்றனர். கண்டவற்றைத் தம் வீட்டு மொழியில் சொல்கின்றனர். ஆசிரியர் தம் கைபேசியில் அதைப் பதிவு செய்கிறார். பதிவை மீண்டும் ஒலிக்கச் செய்யும்போது, தன் குரலைக் கேட்கும் ஆர்வத்தில் குழந்தை தன் சொற்றொடரைக் கவனித்துத் திருத்திக்கொள்கிறது. நான்கைந்து சொற்றொடர்களை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். குழந்தைகள் அவற்றைப் படித்து, தத்தம் குறிப்பேட்டில் ஒரு சொற்றொடரைக் கூட்டி எழுதுகின்றனர். அந்தப் பக்கங்கள் படம் எடுக்கப்பட்டு, வகுப்பின் வலைப்பதிவிலோ பெற்றோர் குழுவிலோ வெளியிடப்படுகின்றன. மாலையில் குழந்தை அதை வீட்டில் படித்துக் காட்டுகிறது. கைபேசி இல்லாத வீடுகளுக்கு, அதே பக்கங்களின் நகல் சிறு புத்தகமாகத் தைத்து அனுப்பப்படலாம்.

இம்முறையில் குழந்தை திரையின் முன் செலவிடும் நேரம் மிகக் குறைவு. பேச்சுக்கும் எழுத்துக்கும் செலவிடும் நேரம் மிகுதி. வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறுபடும் பழங்குடிப் பகுதிகளில், குழந்தையின் பேச்சைப் பதிவு செய்து அதிலிருந்து பாடத்தைத் தொடங்குவது பெரிதும் உதவும். ஐந்தாம் வகுப்பு வரையிலாவது இயன்ற இடங்களில் வீட்டு மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுவதற்கும் இது இயைந்தது.

கால வரையறை பற்றியும் அரசின் வழிகாட்டுதல் உண்டு. 2020 ஜூலையில் வெளியிடப்பட்ட ‘பிரக்யாதா’ நெறிமுறைகள், இணையவழிக் கல்வியில் மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேற்படலாகாது என்றும், அந்நேரமும் பெற்றோருடன் தொடர்புகொள்வதற்கே என்றும் வரையறுத்தன. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளே உச்சவரம்பாகும். 2023 பிப்ரவரியில் 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காக வெளியிடப்பட்ட ‘ஜாதுயி பிடாரா’ தொகுப்பில் பொம்மைகளும், புதிர்களும், கதைப் புத்தகங்களுமே இடம்பெற்றன. 2024இல் வந்த அதன் மின்வடிவமும் பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் கைபேசியை முதன்மையாக நோக்கியதாகும்.

செலவும் வாய்ப்பும்

திட்டமிடுவோர் எதிர்கொள்ளும் கடினமான வினா நிதி பற்றியது. ஒன்றிய அரசின் ‘யுடைஸ் பிளஸ்’ புள்ளிவிவரப்படி, இணைய வசதி கொண்ட பள்ளிகள் 2021-22இல் 33.9 சதவீதமாக இருந்து 2024-25இல் 63.5 சதவீதமாக உயர்ந்தன. கணினி வசதி 47.5 சதவீதத்திலிருந்து 64.7 சதவீதமாயிற்று. இவை எல்லா நிலைப் பள்ளிகளையும் சேர்த்த சராசரி. அதே 2024-25இல் ஓராசிரியர் பள்ளிகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்கும் மேல் என்பதையும் உடன் நோக்க வேண்டும். ஐந்து வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளிக்கு, முதல் தேவை இரண்டாவது ஆசிரியர். குழந்தைக்கு ஒன்றாக முப்பது டேப்லெட்டுகளை வழங்கினாலும் அத்தேவை நிறைவேறாது.

ஒரு செலவை மேற்கொள்ளும்போது கைவிடப்படும் மாற்றுப் பயனே அதன் உண்மையான விலை என்பது பொருளியலின் பால பாடம். கருவி வாங்கும் தொகை ஒருமுறைச் செலவு. மின்சாரம், பழுதுபார்ப்பு, இணையக் கட்டணம், ஆசிரியர் பயிற்சி ஆகியவை தொடர் செலவுகள். முன்னதற்கு ஒதுக்கீடு செய்து பின்னதை மறந்த இடங்களில் கணினிகள் பூட்டிய அறைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. வகுப்புக்கு ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், ஒரு ஒலிபெருக்கி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சும் தொகையில் கதைப் புத்தகங்கள் வாங்குவது தொடக்க வகுப்புக்கு ஏற்ற பகிர்வாகும். ஆசிரியரின் நேரமும் ஒரு வளமே. புள்ளிவிவரங்களைப் பதிவேற்றும் பணியிலேயே கைபேசி அவரைக் கட்டிப்போடுமாயின், கருவி கற்பித்தலுக்கு இடையூறாகிவிடும்.

வீடுகளில் கைபேசி பெருகியிருப்பதையும் அளவறிந்தே நம்ப வேண்டும். பள்ளிக் குழந்தைகள் உள்ள ஊரகக் குடும்பங்களில் ஸ்மார்ட்போன் வைத்திருப்போர் 2018இல் சுமார் 36 சதவீதமாக இருந்து 2022இல் சுமார் 75 சதவீதமாயினர் என்று ‘அசர்’ ஆய்வு தெரிவித்தது. ஆயினும் வீட்டில் உள்ள ஒரே கைபேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடுமாயின், பகலில் அது குழந்தைக்குக் கிட்டாத பொருளே.

குழந்தையின் பாதுகாப்பு

குழந்தையின் எழுத்து வெளியாகும்போது அதன் அடையாளமும் வெளியாகும் இடர் உண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களை இலக்காகக் கொண்ட விளம்பரங்களும் கூடா என்றும் விதிக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கல்வி நிறுவனங்களுக்கு வரையறுக்கப்பட்ட சில விலக்குகள் உண்டெனினும், குழந்தையின் முகமும், முழுப் பெயரும், ஊரும் பொதுப் பக்கத்தில் இடம்பெறுவது கற்றலுக்குத் தேவையானதன்று. படைப்பு மட்டும் வெளியாகலாம். வகுப்பின் பெயர் போதுமானது. இலவசமாகக் கிடைக்கும் வணிகச் செயலிகளை ஏற்குமுன், அவை குழந்தைகளிடமிருந்து எத்தகைய தரவுகளைத் திரட்டுகின்றன என்று கல்வி அலுவலர்கள் ஆராய வேண்டும்.

செய்ய வேண்டுவன

எனவே, தொடக்க வகுப்புக்கு ஒரு கருவியைப் பரிந்துரைக்கும் அலுவலர் சில வினாக்களுக்கு விடை காண வேண்டும். அக்கருவியால் குழந்தை கூடுதலாகப் பேசுகிறதா, படிக்கிறதா, எழுதுகிறதா? அது ஆசிரியரின் கையில் இயங்குகிறதா, அன்றி அவரை ஒதுக்கி வைக்கிறதா? மின்சாரமோ இணையமோ இல்லாத நாளிலும் பாடம் தொடருமா? கைபேசி இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் அதே பயன் கிட்டுமா? அடுத்த ஆண்டின் பராமரிப்புக்கு நிதி உண்டா?

மதிப்பீட்டு முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையும் பதிவிறக்கங்களின் எண்ணிக்கையும் திட்டத்தின் உள்ளீடுகளை மட்டுமே குறிக்கும். மூன்றாம் வகுப்பின் இறுதியில் ஒரு குழந்தை தான் முன்பின் காணாத ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படித்து, அதைப் பற்றித் தன் சொல்லில் நான்கு வரிகள் எழுதுகிறதா என்பதைக் கொண்டே செலவின் பயனைக் கணக்கிட வேண்டும்.