எந்த ஆண்டின் அலி?

காலம் கடந்த குத்துகள் – 7

1970 ஜனவரி 20-ஆம் தேதி இரவு, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் ஒரே குத்துச்சண்டை திரையில் ஓடியது. முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் மோதினார்கள். 13-வது ரவுண்டில் அலி நாக்-அவுட். தன் வெற்றியைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களிலேயே, 1969 ஆகஸ்ட் 31 அன்று, அயோவா மாநிலத்தில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள்.

இந்தச் சண்டைக்கு முடிவு சொன்னது கம்ப்யூட்டர். மயாமியில் இருந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரே வொரோனர், 1967-ல் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களையும் வைத்து ஒரு கற்பனைப் போட்டித் தொடர் நடத்தினார். அதில் 1905-லேயே ஓய்வு பெற்றுவிட்ட ஜிம் ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றதாக ஒலிபரப்பானது. கொதித்துப்போன அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கு சமரசமானபோது பிறந்ததுதான் இந்தப் படம். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டமும் பறிபோய், ரிங்கில் ஏற அனுமதியும் இல்லாத நாட்கள் அலிக்கு. மார்சியானோ ஓய்வு பெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுமார் 50 பவுண்டு எடை குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாகப் பல டஜன் எடுத்தார்கள். முடிவையும் பலவிதமாக எடுத்து வைத்தார்கள்.

கம்ப்யூட்டருக்குக் கொடுத்தவை மதிப்பெண்கள். ஒரு வீரனின் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

இருவருக்கும் பொதுவான எதிராளி ஆர்ச்சி மூர். 1955-ல் அவர் மார்சியானோவை இரண்டாவது ரவுண்டில் தரையில் தள்ளிவிட்டு, ஒன்பதாவதில் வீழ்ந்தார். 1962-ல் அலியிடம் நான்கே ரவுண்டில் வீழ்ந்தார். அப்படியானால் அலிதான் பெரியவர் என்று கணக்குப் போடுவது மூருக்குச் செய்யும் அநியாயம். நடுவில் ஏழு வருடங்கள். அலியைச் சந்தித்தபோது மூருக்கு வயது 45-க்குக் குறையாது.

என்னைக் கேட்டால், நம்பத் தகுந்த சாட்சி ஹென்றி கூப்பர். லண்டன்காரர், மார்சியானோவைப் போலவே 185 பவுண்டை ஒட்டிய எடை. 1963 ஜூனில் வெம்ப்ளியில், நான்காவது ரவுண்டின் கடைசி நொடிகளில் அவருடைய இடது ஹூக் அலியைக் கயிற்றோரம் சாய்த்தது. மணி அடித்ததால் அலி தப்பினார். அடுத்த ரவுண்டிலேயே கூப்பரின் புருவம் கிழிந்து ரத்தம் கொட்ட, நடுவர் சண்டையை நிறுத்தினார். 1966-லும் வெட்டுக்காயத்தால்தான் கூப்பர் தோற்றார்.

இந்த இரண்டு காட்சிகளும் மார்சியானோவுக்கு அப்படியே பொருந்துகின்றன. அலி குனிந்து தப்புகிறவர் அல்ல. தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பார். முதுகில் கயிறு முட்டினால் இழுக்க இடமிருக்காது. மார்சியானோவோ பாதி குனிந்தபடி உள்ளே புகுந்து, முகம் கிடைக்காவிட்டால் கைகளையும் தோள்களையும் குத்திக் குத்தி எதிராளியின் காப்பைத் தளர்த்துகிறவர். ஆனால் அவர் கைவீச்சு 68 அங்குலம், அலிக்கு 78. போதாக்குறைக்கு எளிதில் கிழியும் தோல். 1954-ல் எஸ்ஸார்ட் சார்லஸுடன் மோதியபோது மூக்கு பிளந்து, சண்டை எப்போது நிறுத்தப்படுமோ என்ற நிலையில் எட்டாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்து தப்பினார்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1952 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில், ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்த மார்சியானோ, 13-வது ரவுண்டில் ஒரே வலது குத்தில் பட்டத்தைப் பறித்தார். இன்றைய 12 ரவுண்டு விதி அன்று இருந்திருந்தால் வால்காட்டே சாம்பியனாக நீடித்திருப்பார். 49 சண்டை, 49 வெற்றி என்ற அந்தச் சரித்திரமே இருந்திருக்காது.

ஆகவே என் தீர்ப்பை ஆண்டைச் சொல்லித்தான் சொல்வேன். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்த அலி, மார்சியானோவின் புருவத்தை ஜேப்களால் கிழித்துப் பத்து ரவுண்டுக்குள் வென்றிருப்பார். மூன்றரை ஆண்டு ரிங்கை விட்டு விலக்கப்பட்டு, கால்வேகம் குறைந்து, 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக்கில் 15-வது ரவுண்டில் விழுந்தெழுந்தாரே, அந்த அலிக்கு எதிராக 15 ரவுண்டு என்றால், மார்சியானோ பக்கம்தான் நான். அலியின் மிகச் சிறந்த ஆண்டுகளைப் பறித்தவர்கள் அவரிடமிருந்து பட்டத்தை மட்டும் பறிக்கவில்லை. இந்தக் கேள்விக்கான உண்மையான விடையையும் பறித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம்: சுகர் ரே ராபின்சன், சுகர் ரே லெனார்ட். இரண்டு சர்க்கரைகளையும் ஒரே ரிங்கில் ஏற்றுவோம்.

(தொடரும்)