விருத்தாசலமும் வெண்களிமண்ணும்

விருத்தாசலத்தைத் தனி ஜில்லாவின் தலைநகராக்க வேண்டுமென்ற கோரிக்கை பல வருஷங்களாக எழுந்து வருகிறது. 1993-ல் பழைய தென்னார்க்காடு ஜில்லா கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. 2019-ல் கள்ளக்குறிச்சியும் தனித்துப் போயிற்று. விருத்தாசலமோ இன்னும் தாலுகாக் கச்சேரியோடும் சப் கலெக்டர் ஆபீஸோடும் நிற்கிறது. கோரிக்கையில் நியாயமில்லையென்று நாம் சொல்லவில்லை. குடியானவனொருவன் கையில் மனுவைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வரை பிரயாணம் செய்வது சிரமந்தான். (அடுத்துள்ள மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சந்நிதியில் ஜனங்கள் தங்கள் குறைகளைப் பிராதாக எழுதிக் கட்டுகிறார்கள். கோர்ட்டில் வாதித்துப் பழகிய நமக்கு, வாய்தா இல்லாத அந்த நியாயஸ்தலத்தின்மீது சிறிது பொறாமையே உண்டு.) ஆயினும், ஓர் ஊரின் க்ஷேமத்தைக் கச்சேரிகளைக் கொண்டு மட்டும் அளப்பது சரியன்று.

இவ்வூரின் பழந்தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம். தேவாரம் பாடிய மூவரும் போற்றிய ஸ்தலம். 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் இக்கோயிலைக் கற்றளியாக்கினார். சுந்தரர் இங்குப் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையை அறியாத தமிழர் இலர். மதில்கள் உயர்ந்திருந்தமையால் பிற்காலத்தில் கோயிலுக்குக் கோட்டையின் கதி நேர்ந்தது. 1751-ல் கிளைவும் பிகட்டும் இவ்வூர்வரை வந்து திரும்புகையில், பாளையக்காரரின் ஆட்கள் தாக்க, குதிரைகளின் வேகத்தால் உயிர் தப்பினர். அக்குதிரைகளில் ஒன்று அன்று நொண்டியிருந்தால் நமது தேச சரித்திரம் எவ்வாறு திரும்பியிருக்குமோ! பின்னர் 1920-களின் இறுதியில் விழுப்புரம் – திருச்சி குறுக்குப் பாதை வந்தது. கடலூருக்கும் சேலத்திற்கும் கிளைகள் பிரியவே, விருத்தாசலம் ஜங்ஷன் ஆயிற்று.

சுற்றிலும் மணிலாக்கொட்டையும் முந்திரியும் கரும்பும் விளைகின்றன. இங்குள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மணிலா ரகங்களும் முந்திரி ரகங்களும் ஊரின் பெயரையே சுருக்கித் தாங்கிப் பல ஜில்லாக்களில் பயிராகின்றன. ஆனால் இவ்வூருக்கு மேலே விளைவது ஒன்று. கீழே கிடப்பது மற்றொன்று. 1956-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டு, கரியை மூடியிருந்த மண் அகற்றப்பட்டபோது வெண்களிமண்ணும் கிடைத்தது. அதனை ஆதாரமாகக் கொண்டே விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் சர்க்கார் கல்வி ஸ்தாபனமும் தோன்றின.

அவ்வேலையை அருகிலிருந்து பார்த்தவர் எளிதில் மறவார். களிமண்ணோடு வெங்கச்சங்கல் தூளும் பெல்ஸ்பார் தூளும் சேர்த்துக் குழம்பாகக் கரைத்து, பாரிஸ் சாந்து அச்சில் வார்க்கிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் தோல்போல் படிகிறது. மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்து விட்டால், உள்ளே கூடான பிள்ளையாரோ கோப்பையோ நிற்கும். பிசிறு செதுக்கி, உலர்த்தி, பூச்சு கொடுத்துச் சூளையில் சுமார் 1,200 டிகிரி உஷ்ணத்தில் சுடவேண்டும். உஷ்ணம் பிசகினால் ஒரு நாளைய உழைப்பு முழுதும் ஓட்டாஞ்சில்லாகும். பெண்கள் அநேகர் இதில் ஜீவிக்கின்றனர்.

தமிழ்நாட்டின் வீடுகளில் மின்சாரப் பெட்டிக்குள் இருந்த வெள்ளைப் பியூஸ் கட்டைகளில் எத்தனையோ இவ்வூர்ச் சூளையில் வெந்தவை. இப்போது அவ்விடத்தைத் தானாகவே அணையும் பிளாஸ்டிக் ஸ்விட்சுகள் பிடித்துக்கொண்டன. கொலு பொம்மைக் கடையிலும் அந்நிய தேசச் சரக்கு மலிவாய் வந்து அமர்ந்திருக்கிறது. சூளைக்கு வேண்டிய எரிபொருளின் விலையோ சிறு பட்டறைக்காரரின் கைக்கு எட்டுவதில்லை. பழைய சாமானையே செய்துகொண்டிருந்தால் தொழில் நிலைக்காது என்பதை அவர்களும் உணரவேண்டும். சர்க்காரோ, தன் கச்சேரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் வேண்டிய கோப்பைகளையும் தட்டுகளையும் கழிப்பறைப் பீங்கான்களையும் எங்கிருந்து வாங்குகிறதென்று ஒரு கணம் யோசிக்கலாகாதா?

புதிய ஜில்லா வந்தால் சில நூறு உத்தியோகஸ்தர் வருவர். வீட்டு வாடகை ஏறும். சூளைகள் எரிந்தால் இவ்வூர்ப் பிள்ளைகள் சென்னைக்கு ரயிலேறும் அவசியம் குறையும். அடுத்த முறை மந்திரியைக் காணச் செல்லும் பிரமுகர்கள், ஜில்லா மனுவோடு, சகாய விலையில் எரிபொருளும் சர்க்கார் கொள்முதலும் கோரும் மனுவொன்றையும் எடுத்துச் செல்வார்களாக. கூடவே, பேட்டையில் செய்த கோப்பைகள் அரை டஜனையும் கொண்டுபோய் மந்திரியின் மேஜைமேல் வைப்பார்களாக.